தெருமுனையில் திரும்பாத தேர்

அருளப்பா,

குருப்பட்டம் ஆன பிறகு உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பக்கத்து வீட்டு மரியம்மாள் எனக்கு இப்போதே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். அப்படியே கூப்பிடுகிறேன். எல்லோரையும் போல வரிசையில் நின்று உன் கையை முத்தமிடுகிறேன். அதற்கு முன்னால், நீ இன்னும் என் பிள்ளையாக மட்டும் இருக்கிற இந்தச் சில நாட்களுக்குள், உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாமியாரான பிறகு சொன்னால் அது பாவசங்கீர்த்தனம் மாதிரி ஆகிவிடும். நான் பாவம் எதையும் சொல்ல வரவில்லை. எனக்குச் செய்யப்பட்டதைச் சொல்ல வருகிறேன்.

உன் கடிதம் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தில் மதிய இடைவேளையில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படித்தேன். கிறிஸ்து ராசா திருநாளன்று நம் கோயிலில் உன் முதல் பூசை என்று எழுதியிருந்தாய். பிரசங்கம் இறையரசைப் பற்றி என்றும், 'அந்த அரசில் வாழ்ந்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும், அவர் என் தகப்பனார்' என்று ஆரம்பிக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். அதுவரைக்கும் கண் கலங்கிக்கொண்டேதான் படித்தேன். அதற்கு அடுத்த வரியில், கீழத்தெரு குறுகலாக இருப்பதால் ஊர்வலம் மேலத்தெருவில் இன்னாசிப் பெரியவர் வீட்டிலிருந்து கிளம்பும், கார் அவர்களே ரயிலடிக்கு அனுப்புகிறார்கள், நீங்களும் காலையிலேயே அங்கே வந்துவிடுங்கள் அம்மா என்று இருந்தது. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்றாம் வகுப்புக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்து இறங்கியதும் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார். நான் வேலைக்குப் போவதைப் பற்றி அவருடைய சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பேச்சுப் பேசினபோது, 'அவ டீச்சர். அவ சம்பாரிக்கறதுக்காகப் போகல, படிச்சதுக்காகப் போறா' என்று வாயை அடைத்தவர் அவர்தான். அப்படிப்பட்டவர் செய்ததால்தான் இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆறவில்லை. கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன்.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது. நம் கோயில் அப்போது எப்படி இருந்தது என்பது உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். மேலத்தெருக்காரர்கள் நடுவில் உட்காருவார்கள். நம் சனங்கள் இடது பக்கச் சிறகில், தூண்களுக்குப் பின்னால். பீடம் பாதிதான் தெரியும். நம் சாதி அவர்களோடு கலந்து உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். கிறிஸ்து ராசா திருநாளுக்குத் தேர் கட்டுவார்கள். செங்கோலும் முடியுமாக ராசா தேரில் ஏறுவார். மேலத்தெரு, கடைத்தெரு, நடுத்தெரு எல்லாம் சுற்றிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிடுவார். கீழத்தெரு முனை வரைக்கும் வந்து, அப்படியே நேராகப் போய்விடுவார். நாங்கள் முனையில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவோம். எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த வருஷம் புதிதாக ஒரு பங்குச் சாமியார் வந்திருந்தார். இளம் வயது. ஒல்லியான ஆள், பேசினால் குரல் நடுங்கும். ஞானோபதேசத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, சர்வேசுரனுடைய ராச்சியம் என்றால் மோட்சம், செத்த பிறகு போகிற இடம் என்று. இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் வேறு மாதிரி சொன்னார். கர்த்தர் கற்றுக்கொடுத்த செபத்தில் நாம் அங்கே போக வேண்டும் என்றா கேட்கிறோம், ராச்சியம் இங்கே வர வேண்டும் என்றல்லவா தினமும் கேட்கிறோம் என்றார். வருகிறது என்றால் ஏதாவது ஒரு தெரு வழியாகத்தானே வர வேண்டும், எந்தத் தெருவை நாம் திறந்து வைத்திருக்கிறோம் என்று கேட்டார். பிறகு அந்த நடுங்குகிற குரலிலேயே, இந்த வருஷம் ராசாவின் தேர் கீழத்தெருவுக்குள் வரும் என்று அறிவித்தார்.

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அழுதேன் அருளப்பா. பிறந்ததிலிருந்து காலையும் மாலையும் அந்தச் செபத்தைச் சொல்லியிருக்கிறேன். என் வாசல் அதற்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தெருவே மாறிப்போயிற்று. சாக்கடை ஓரம் வரைக்கும் மண் கொட்டிச் சமப்படுத்தினார்கள். வெள்ளையடிக்க முடியாதவர்கள் பக்கத்து வீட்டு மிச்சச் சுண்ணாம்பை வாங்கி வாசல் சுவருக்கு மட்டுமாவது அடித்தார்கள். மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் நான் வண்ணக் காகிதம் வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பூச்செய்யச் சொல்லிக்கொடுத்தேன். நம் வாசலிலிருந்து எதிர்வீட்டு ஓடு வரைக்கும் தோரணம் கட்டியபோது ஏணியின் மேல் நான் நின்றேன், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உன் அப்பா. 'பாத்து, பாத்து' என்றார். 'இன்னும் கொஞ்சம் மேல கட்டவா? ராசாவோட முடி இடிக்குமா?' என்று கேட்டேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, 'இடிக்காது' என்றார். அந்த ஒரு வார்த்தையை நீ ஞாபகம் வைத்துக்கொள். அதை அவர் சொன்ன நேரத்தில், தேர் வராது என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு இருந்த சந்தோஷத்தில் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்திலும் போய்ச் சொல்லிவிட்டேன். ரங்கநாயகி டீச்சரை உனக்குத் தெரியும், கோயில் கைங்கரியக் குடும்பம். அவர் கையைத் தட்டி, 'பேஷ்! ஸ்வாமி வாசலுக்கே எழுந்தருள்றார்னா அதைவிட பாக்யம் என்ன இருக்கு டீச்சர்? வாசல்ல பெரிசா கோலம் போடுங்கோ' என்றார். போட்டேன். நான் போட்ட கோலத்திலேயே பெரியது அதுதான்.

திருநாள் சாயங்காலம் கீழத்தெருவில் ஒருவரும் தேரோடு போகவில்லை. தேர்தான் வருகிறதே என்று எல்லோரும் அவரவர் வாசலில் விளக்கோடு நின்றோம். உன் அப்பா மட்டும் போயிருந்தார். முன்வடம் பிடிக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நம் தெருவிலிருந்து ஒருவர் வடம் பிடிப்பது அதுவே முதல் தடவை, அதுவும் எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நமக்கு நாலு வீடு தள்ளி லூர்தம்மாள் இருந்தாள். நீ பிறந்தபோது உன்னைக் கையில் ஏந்தியவள் அவள்தான். பிறகு கண் போய்விட்டது. அவளையும் ஒரு மணைப் பலகையில் உட்காரவைத்துக் கையில் விளக்கைக் கொடுத்திருந்தோம். பேண்டு சத்தம் கிட்டே வரவர அவள், 'வந்துடுச்சா? வந்துடுச்சா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மரியம்மாள், 'வந்துக்கிட்டே இருக்கு' என்றாள்.

சத்தம் முனைக்கு வந்தது. ஒரு நிமிஷம் நின்றது. பிறகு தேய ஆரம்பித்தது. எங்களுக்குப் புரியவில்லை. நான் விளக்கை வைத்துவிட்டு முனைக்கு ஓடினேன். தேர் தெருமுனையைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. முன்வடத்தில், வெள்ளைச் சட்டைக்கு மேல் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு உன் அப்பா. என்னைப் பார்த்தார். நான் பார்த்தேன் என்பதையும் பார்த்தார். பிறகு கையிலிருந்த கயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு இழுத்தார். சாமியார் தேருக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து போனார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பா தெரு ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: 'தேரோட முன்னச்சுல விரிசல். நேரா போனா தாங்கும். திருப்பினா முறிஞ்சு ராசா சுரூபம் கீழ விழுந்திரும். நான்தான் திருப்ப வேணாம்னேன்.' தெரு நம்பியது. ஏன் நம்பாது? ரயில் எஞ்சினையே பிரித்துப் பூட்டுகிற மனிதர் அச்சில் விரிசல் என்கிறார். 'ஆரோக்கியம் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று தோரணத்தை அவிழ்த்தார்கள். நானும் நம்பினேன். மறுநாள் ரங்கநாயகி டீச்சர், 'ஸ்வாமி எழுந்தருளினாரா?' என்று ஆவலாகக் கேட்டபோது, அச்சு விரிசல் விட்டுவிட்டது டீச்சர் என்றேன். 'அடடா, அதனாலென்ன, அடுத்த வருஷம் வந்துடுவார்' என்றார். உன் அப்பாவின் பொய்யை ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் நானே சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

அடுத்த ஜூனில் நீ போர்டிங் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். நம் தெருப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைத்ததே இல்லை. உனக்குக் கிடைத்தது. நான் சர்வேசுரனுக்கு நன்றி சொன்னேன். அதே மாதம் அந்த இளம் சாமியாருக்கு மாற்றல் வந்தது. போகிறவர் நம் தெருவுக்கும் வந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். வாசலிலேயே நின்றுகொண்டு நான், 'சாமி, நீங்க போயிட்டா அச்சு சரியானாலும் தேர் எங்க தெருவுக்கு வராதுங்க' என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

'எந்த அச்சும்மா?'

'தேர் அச்சுங்க. விரிசல் விட்டுச்சே.'

டம்ளரைத் திண்ணைக் கட்டையில் வைத்தார். பிறகு, 'அச்சுக்கு ஒண்ணும் ஆகலம்மா. உங்க வீட்டுக்காரர்தான் பங்குக் கூட்டத்துல எழுந்து, எங்க தெருவுக்குத் தேர் வேணாம், எங்க சனங்களே விரும்பல, வீண் சச்சரவு வரும்னு சொன்னார். கோயில்ல மறுபடியும் அறிவிக்க வேணாம், தெருவுல நானே சொல்லிக்கிறேன்னார். மேலத்தெருக்காரங்க எதிர்த்தப்ப நான் தனியா நின்னு பேசிட்டிருந்தேன். யாருக்காக நின்னேனோ அவங்களே வேணாம்னா நான் என்னம்மா செய்யறது?' என்றார். குரல் நடுங்கவே இல்லை. அவ்வளவு நாளும் அவர் எங்கள்மேல் வருத்தமாக இருந்திருக்கிறார். நாங்கள் அவரைக் கைவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு. எங்களுக்குத் தெரியாதுங்க சாமி, நாங்க விளக்கேத்தி வச்சிக்கிட்டு நின்னோம் என்றேன். அவர் சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

ஷிப்ட் முடிந்து உன் அப்பா வந்ததும் கேட்டேன். சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட விடவில்லை. அவர் மறுக்கவில்லை.

'ஆமா, சொன்னேன். இன்னாசி கூப்பிட்டு அனுப்பினாரு. ஆரோக்கியம், நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், உன் பையனுக்குப் போர்டிங்ல இடத்துக்கு நானாச்சுன்னாரு.'

'என்கிட்ட ஏங்க கேக்கல?'

'கேட்டா நீ வேணாம்ப.'

'தோரணம் கட்டறப்ப ஏணியப் பிடிச்சிக்கிட்டு நின்னீங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே.'

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பிறகு, 'ராச்சியம் எங்கயும் ஓடிப்போயிடாது. இத்தன வருஷம் வரல, இன்னும் பத்து வருஷம் கழிச்சு வந்தா ஒண்ணும் குறஞ்சிடாது. பையனுக்கு வயசு போனா வராது' என்றார்.

அந்த வாக்கியத்தோடு நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதுதான் என்னை அதிகமாக வதைத்தது. தெருவில் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரை அவர்கள் உயிரோடு விட்டாலும் முகம் பார்த்திருக்க மாட்டார்கள். உன்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர வேண்டியிருந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொன்னது எதையும் அதற்குப் பிறகு நான் நம்பவில்லை. 'மழை வரும் போல இருக்கு' என்றால்கூட வெளியே போய் வானத்தைப் பார்ப்பேன். அவருக்கு அது தெரியும். ஒவ்வொரு வருஷமும் வடம் பிடித்தார். ஒவ்வொரு வருஷமும் தேர் முனையில் நேராகப் போயிற்று. லூர்தம்மாள் சாகும் வரைக்கும், அச்சைச் சரி பண்ணிட்டாங்களா என்று அவரைத்தான் கேட்டாள். பார்த்துக்கிட்டிருக்காங்க என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் அப்பாவின் அடக்கத்துக்கு மேலத்தெருவே திரண்டு வந்ததைப் பார்த்து நீ நெகிழ்ந்துபோனாய். இன்னாசிப் பெரியவர் உன் தோளைப் பிடித்துக்கொண்டு, 'உங்கப்பா மாதிரி விட்டுக்கொடுத்துப் போற மனுஷன் இந்தப் பங்குல கெடையாது' என்றார். உனக்கு அது புகழ்ச்சியாகக் கேட்டது. எனக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நீ இறையரசைப் பற்றிப் பெரிய படிப்பெல்லாம் படித்திருக்கிறாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு பிள்ளையை மேலே ஏற்றிவிட, ஒரு தெருவையே விளக்கோடு வாசலில் நிற்கவைத்துவிட்டு நேராகப் போவது அந்த ராச்சியமாக இருக்க முடியாது. உன் அப்பா கணக்கில் அவர் ஜெயித்துவிட்டார். நம் தெருவிலிருந்து ஒரு சாமியார் வந்துவிட்டான், மேலத்தெருக்காரர்கள் அவன் முன்னால் முழங்கால் போட்டு நற்கருணை வாங்கப்போகிறார்கள். அன்றைக்கு அவர் இருந்திருந்தால், 'பாத்தியா டீச்சர்?' என்று என்னைப் பார்த்திருப்பார். நானும் சந்தோஷப்படாமல் இருக்க மாட்டேன், பெற்றவள்தானே. ஆனால் ராச்சியம் வரட்டும் என்று செபம் சொல்லும்போதெல்லாம், வருவதை என் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு கை தடுத்தது என்ற நினைப்பில்லாமல் எனக்கு அந்த வரி முடிந்ததில்லை. ராச்சியம் வரவில்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வந்துக்கிட்டே இருக்கு என்று வீட்டில் உள்ளவரே சொல்லிச் சொல்லி நம்மை உட்காரவைப்பதைத் தாங்க முடியாது.

உன்மேல் எனக்குக் கோபமா என்று கேட்டால், இருந்தது. நீ அந்தப் பேரத்தைப் பேசவில்லை, பத்து வயதுப் பிள்ளை. ஆனால் ஊர்வலம் எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது உனக்குப் பத்து வயது இல்லை. தெரு குறுகல் என்று அவர்கள் சொன்னால் உடனே சரி என்றாயே. நீ நடந்து பழகின தெரு அது. எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியாதா? இந்தத் தடவையும் என்னைக் கேட்கவில்லை. அப்பாவும் பிள்ளையும் ஒரே மாதிரி முடிவெடுத்துவிட்டு எனக்குச் சேதி சொல்லுகிறீர்கள்.

நேற்று நான் இன்னாசிப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தப் படியை நான் மிதித்ததில்லை. வயதாகிவிட்டது அவருக்கு. 'வாங்க டீச்சரம்மா, உக்காருங்க' என்று நாற்காலி போடச் சொன்னார். உட்காரவில்லை. 'என் மகன் என் வீட்டுலேருந்துதான் கிளம்புவான்' என்றேன். அவர் சிரித்தார். 'தம்பியே சம்மதிச்சிட்டாரே. உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இப்படிப் பேச மாட்டாரு.'

'பேச மாட்டாருங்க. அன்னைக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நீங்க என்ன கொடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும்.'

அவர் சிரிப்பு நின்றது. வீட்டிலிருந்த பெண்கள் எல்லோரும் கதவோரம் வந்து நின்றார்கள். அங்கிருந்து நேராக நம் தெருவுக்கு வந்து, மரியம்மாளைக் கூப்பிட்டு, அன்றைக்கு அச்சில் விரிசல் விடவில்லை என்பதைச் சொன்னேன். அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இப்போது தெருவுக்கே தெரியும். சிலர் உன் அப்பாவை மண்ணை வாரித் தூற்றி ஏசினார்கள். சிலர், பிள்ளைக்காகத்தானே செய்தான் என்றார்கள். வீட்டுக்குள் அவர் படத்துக்கு முன்னால் நின்று நானும் கொஞ்சம் அழுதேன். எதற்கு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பிரசங்கத்தில் உன் அப்பாவைப் பற்றிப் பேசு. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பேசுவதானால் முழுதாகப் பேசு. முழுதாகப் பேசத் தைரியம் இல்லையென்றால் வேறு யாரைப் பற்றியாவது பேசிக்கொள்.

திருநாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை உன் ரயில் ஜங்ஷனில் வந்து நிற்கும். வெளியே வந்தால், முன்வாசலில் மாலையும் கையுமாக அவர்கள் கார் நிற்கும். நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். எதிரே பஸ் நிற்கும் இடத்தில், நம் தெரு ஆட்கள் நாலைந்து பேரோடு நிற்பேன். உன்னைக் கூப்பிட மாட்டேன், கைகூடக் காட்ட மாட்டேன். எங்களைத் தேடிப் பார்க்க வேண்டியது நீதான்.

அம்மா